சட்டமன்றத்திலிருந்து கவுண்டிக்கு: லாஸ் ஏஞ்சலஸின் ஒரு நாற்காலியும் அதில் உட்கார்ந்த மூவரும்

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளான அசெம்பிளியிலும் செனட்டிலும் இருந்தவர்கள், ஏன், மத்திய அமைச்சராக இருந்தவர்கூட, கடைசியில் கவுண்டி சூப்பர்வைசர் (கவுண்டியை ஆளும் வாரியத்தின் உறுப்பினர்) தேர்தலில் வந்து நிற்கிறார்களே, இது பதவி இறக்கம் இல்லையா?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படிச் சொன்னால் தப்பில்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் அது பொருந்தாது. அங்கே மாநில செனட்டர் ஒருவர் சூப்பர்வைசர் ஆனால் சம்பளம், மக்கள்தொகை, கையெழுத்தின் பலம் எல்லாமே கூடுகின்றன. பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டால் விஷயம் சீக்கிரம் பிடிபடும். முதல் தொகுதியின் நாற்காலி. 1972-இலிருந்து அதில் அடுத்தடுத்து உட்கார்ந்தவர்கள் மூவர்: பீட் ஷாபாரம், குளோரியா மொலினா, ஹில்டா சொலிஸ். மூவருமே அசெம்பிளி வழியாக வந்தவர்கள்.

முதலில் கணக்கு. கலிஃபோர்னியா அசெம்பிளியில் 80 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 5 லட்சம் மக்கள். செனட்டில் 40 பேர். ஒருவருக்கு ஏறத்தாழ 10 லட்சம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி வாரியத்தில் வெறும் 5 பேர். கவுண்டியின் மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு கோடி என்பதால் ஒரு சூப்பர்வைசருக்கு 20 லட்சம் பேர் வருகிறார்கள். வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினரின் தொகுதி சுமார் 7.6 லட்சம்தான். கவுண்டியின் ஆண்டு பட்ஜெட் 4,500 கோடி டாலரைத் தாண்டும். ஊழியர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். சம்பளத்திலும் வித்தியாசம் உண்டு. சூப்பர்வைசருக்கு மாநில உயர் விசாரணை நீதிமன்ற நீதிபதியின் சம்பளம், அதாவது ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். சட்டமன்ற உறுப்பினருக்கு 2024-இல் 1.28 லட்சம் டாலர்.

கவுண்டி என்றதும் நம் ஊர் மாவட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதிதான் சரி. அங்கே கலெக்டர் கிடையாது. விதிகளை இயற்றுவதும் அவற்றை நடத்துவதும் அதே ஐந்து பேர்தான். பொது மருத்துவமனைகள், சிறைகள், குழந்தைகள் பாதுகாப்பு, ஏழைகளுக்கான உதவித்தொகை, மனநலம், நன்னடத்தைக் கண்காணிப்பு, தேர்தல் நடத்துவது, பிண ஆய்வு வரை எல்லாம் கவுண்டியின் வேலை. கவுண்டிக்குள் 88 நகரங்கள் இருந்தாலும் எந்த நகரத்திலும் சேராத பகுதிகளில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்கிறார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் அப்படிப்பட்ட ஊர். அங்கே தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மேயரிடம் போக முடியாது, மேயரே இல்லை. சூப்பர்வைசர் அலுவலகத்துக்குத்தான் போன் போகும்.

சட்டமன்றத்தார் இங்கே வரிசையாக வந்ததற்கு இன்னொரு காரணம், இதே நாற்காலியில் இருந்த ஷாபாரம். அசெம்பிளியில் இருந்தவரை 1972-இல் சூப்பர்வைசராக நியமித்தவர் அன்றைய ஆளுநர் ரொனால்ட் ரீகன். இந்த வாரியத்தில் இடம் காலியானால் ஆளுநர் நியமிப்பதுதான் வழக்கம். 18 ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு, 1990 நவம்பரில் சட்டமன்றத்தாரின் பதவிக்காலத்துக்கு வரம்பு போடும் 140-ஆம் முன்மொழிவை முன்னின்று மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். அசெம்பிளியில் தலா 2 ஆண்டாக 3 தவணை, செனட்டில் தலா 4 ஆண்டாக 2 தவணை, அதோடு வாழ்நாளுக்கும் சரி. சட்டமன்ற ஓய்வூதியமும் ஒழிக்கப்பட்டது. பதவிக்கால வரம்பு தனக்கு இல்லாத இடத்தில் இருந்துகொண்டு அடுத்தவர்களுக்கு வரம்பு போட்டார் என்று அப்போதே சிலர் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பில் நியாயம் உண்டு. விளைவு அவர் நினைத்துப் பார்த்தாரோ என்னவோ: 50 வயதைத் தாண்டாத, சட்டம் எழுதத் தெரிந்த அரசியல்வாதிகள் கூட்டமாக வெளியே தள்ளப்பட்டார்கள். காங்கிரஸ் இடங்கள் எளிதில் காலியாவதில்லை. ஓய்வூதியமும் அதிகாரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் கவுண்டி. 2012-இல் 28-ஆம் முன்மொழிவு அந்த வரம்பைத் திருத்தி, இரு அவைகளிலும் சேர்த்து மொத்தம் 12 ஆண்டு என்று ஆக்கியது. கவுண்டிக்கும் 2002-இல் வாக்காளர்கள் 3 தவணை வரம்பு வைத்தார்கள்.

இனி மொலினா. இப்படிப்பட்ட பயணத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அவரைவிட நல்ல பாடம் இல்லை.

1970-களில் அவர் கொமிசியோன் ஃபெமெனில் என்ற மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் அமைப்பில் இருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி மருத்துவமனையில், பிரசவ வலியில் இருந்த ஸ்பானிஷ் பேசும் பெண்களிடம் புரியாத ஆங்கிலப் படிவங்களில் கையெழுத்து வாங்கிக் கருத்தடை செய்தார்கள் என்று தொடரப்பட்ட மாட்ரிகல் வழக்கில் அந்த அமைப்பும் சேர்ந்தது. 1978-இல் நீதிபதி மருத்துவர்கள் பக்கமே தீர்ப்பளித்தார். ஆனாலும் அடுத்த ஆண்டே, கட்டாயக் கருத்தடையை அனுமதித்த பழைய மாநிலச் சட்டம் ரத்தானது. அந்த மசோதாவைக் கொண்டுவந்தவர் அசெம்பிளி உறுப்பினர் ஆர்ட் டோரஸ். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மொலினா டோரஸிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். பிறகு ஜிம்மி கார்ட்டரின் வெள்ளை மாளிகை, அதன்பின் சபாநாயகர் வில்லி பிரவுனின் அலுவலகம். 1982-இல் டோரஸ் செனட்டுக்குப் போனபோது காலியான 56-ஆவது அசெம்பிளி தொகுதிக்கு அவருடைய அணி ரிச்சர்ட் பொலாங்கோவை நிறுத்தியது. 'உன் முறை இன்னும் வரவில்லை' என்பதுதான் மொலினாவுக்குக் கிடைத்த பதிலின் சாரம். எதிர்த்து நின்று ஜெயித்தார். கலிஃபோர்னியா சட்டமன்றத்துக்குத் தேர்வான முதல் லத்தீனா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண், அவர். அங்கே அவருடைய பெரிய சண்டை, கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆளுநர் டியூக்மேஜியன் கட்ட விரும்பிய மாநிலச் சிறைக்கு எதிரானது. அதை எதிர்த்த கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் தாய்மார்கள் இயக்கம் வருடக்கணக்கில் தெருவில் நடந்தது; 1992-இல்தான் திட்டம் சட்டப்படி கைவிடப்பட்டது. 80 பேரில் ஒருவராக இருந்து ஒரு திட்டத்தைத் தாமதப்படுத்தலாம், ஆனால் தனியாக நிறுத்த முடியாது. அந்த அனுபவம் அவரை உள்ளூர் பக்கம் திருப்பியது என்பது என் கணிப்பு. 1987-இல் நகர மன்றத்துக்குப் போனார்.

கவுண்டிக்கு வழி திறந்தது நீதிமன்றத்தில். 1981-இல் தொகுதிகளைப் பிரித்தபோது லத்தீனோ வாக்காளர்களை வேண்டுமென்றே சிதறடித்தார்கள் என்று 1988-இல் வழக்கு போடப்பட்டது. மத்திய நீதித்துறையும் வழக்குத் தொடுத்தது. 1990 ஜூனில் நீதிபதி டேவிட் கென்யன் வாரியத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். ஷாபாரம் மீண்டும் போட்டியிடாமல் விட்டிருந்த முதல் தொகுதி லத்தீனோ பெரும்பான்மைத் தொகுதியாக மாற்றி வரையப்பட்டது. 1991 ஜனவரியில் சிறப்புத் தேர்தல். முக்கிய வேட்பாளர்கள் நால்வர்: மொலினா, மாநில செனட்டர் ஆர்ட் டோரஸ், மாநில செனட்டர் சார்ல்ஸ் கால்டெரோன், ஷாபாரத்தின் உதவியாளராக இருந்த சாரா ஃப்ளோரஸ். நால்வரில் மூவர் சட்டமன்றத்தார்! பதவி இறக்கம் என்றால் பதவியில் இருக்கும் இரண்டு செனட்டர்கள் ஏன் அடித்துக்கொள்ள வேண்டும்? பிப்ரவரி 19-இல் நடந்த இறுதிச் சுற்றில் மொலினா தன் பழைய முதலாளியைத் தோற்கடித்தார். 1875-க்குப் பிறகு வாரியத்தில் உட்கார்ந்த முதல் லத்தீனோ, முதல் லத்தீனா இரண்டும் அவரே.

அந்த ஒரு வெற்றியின் எடை என்ன தெரியுமா? அதுவரை வாரியம் 3-க்கு 2 என்று பழமைவாதிகள் கையில் இருந்தது. ஷாபாரம் போய் மொலினா வந்ததும் அதே 3-க்கு 2 எதிர்ப்பக்கம் சாய்ந்தது. மாநில செனட்டில் இப்படி ஒரு மாற்றம் வர எட்டுத் தொகுதிகள் புரள வேண்டும். இங்கே மூன்று கைகள் உயர்ந்தால் தீர்மானம்.

அந்த மூன்று கைகளைத் தேடுவதில்தான் சட்டமன்றத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் இடறுவார்கள். மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் கட்சிக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசி, யார் எந்தப் பக்கம் என்று எண்ணி முடித்துவிட்டே அவைக்கு வருவார்கள். கவுண்டியில் 1953-ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் குறுக்கே நிற்கிறது. ஐந்து பேரில் மூன்று பேர் கூட்டத்துக்கு வெளியே ஒரு விஷயத்தைப் பேசினால் அது சட்டவிரோதக் கூட்டம். நேரில் பேசினால்தான் என்றில்லை, சங்கிலிபோல் பேசினாலும் அப்படியே. நீங்கள் ஒரு சக உறுப்பினரிடம் பேசிவிட்டீர்கள் என்று வையுங்கள். பிறகு உங்கள் உதவியாளர் மூன்றாமவரின் உதவியாளரிடம் 'மேடம் எந்தப் பக்கம்?' என்று கேட்டு வந்தாலே சிக்கல். அதனால் ஒரு தீர்மானத்துக்கு ஒருவரை மட்டும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, 72 மணி நேரத்துக்கு முன் நிகழ்ச்சி நிரலில் ஏற்றி, செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மூன்றாவது ஓட்டைத் தேட வேண்டும். மற்றவர்களின் பழைய ஓட்டுகள், கேள்விகள், துறைத் தலைவர்களிடம் அவர்கள் காட்டும் முகம் எல்லாவற்றையும் படித்து ஊகிப்பது தனிக் கலை.

மொலினாவின் ஆயுதம் வேறு. துறைத் தலைவர்களைப் பொதுக்கூட்டத்தில் நிற்கவைத்து ஒவ்வொரு செலவாகக் கேட்பது. கவுண்டியின் தலைமை நிர்வாக அதிகாரி ரிச்சர்ட் டிக்சனின் செலவுகளையும், அதிகாரிகளின் ஓய்வூதியத்தை ஊதிப் பெருக்கிய ஏற்பாட்டையும் அவர் விடாமல் தோண்டினார். 1992-இல் டிக்சன் ஓய்வை அறிவித்தார். சட்டமன்றக் குழுவில் சாட்சியைக் கேள்வி கேட்கிற பழக்கம் இங்கே நேரடியாகப் பயன்பட்டது. ஒரு வித்தியாசம்: கேட்டவர் மறுநாள் அதே துறையை நடத்தியும் ஆகவேண்டும்.

மருத்துவமனைக் கதை இதற்குச் சரியான உதாரணம். 1995-இல் சுகாதாரத் துறையில் மட்டும் 65 கோடி டாலர் அளவுக்குப் பற்றாக்குறை. பெரிய பொது மருத்துவமனையையே மூடலாம் என்ற யோசனை நிர்வாகத்திடமிருந்து வந்தது. நெருக்கடியைச் சமாளிக்க வாரியம் அழைத்தது யாரை? முன்னாள் அசெம்பிளி உறுப்பினர் பர்ட் மார்கொலினை. கவுண்டியின் சுகாதாரப் பணம் பெரும்பாலும் மாநில, மத்திய அரசுகளின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு வருவது. அந்த விதியை எழுதும் மேசையில் உட்கார்ந்தவருக்குத்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும். செப்டம்பரில் கிளிண்டன் அரசு 36.4 கோடி டாலர் உதவியை அறிவித்தது. மருத்துவமனை பிழைத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1994 ஜனவரி 17-இல், நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அந்த மருத்துவமனையின் 1933-ஆம் ஆண்டுக் கட்டடத்தை ஆட்டம் காணச் செய்திருந்தது. அந்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், பழைய மருத்துவமனைக் கட்டடங்கள் எல்லாம் நிலநடுக்கத் தரத்துக்கு உயர்த்தப்பட வேண்டும் என்று சட்டம் போட்டது. சட்டம் எழுதுவது ஒரு வேலை, அதற்குப் பணம் தேடுவது வேறு வேலை. முதலாவது சாக்ரமென்டோவில் முடிந்துவிடும், இரண்டாவது செவ்வாய்க்கிழமை வாரியத்தின் மேசைக்கு வரும். புதிய கட்டடத்தில் 750 படுக்கை வேண்டும் என்றார் மொலினா. நடத்தும் செலவை ஆண்டாண்டுக்கும் எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்வியோடு பெரும்பான்மை 1997-இல் 600-இல் நின்றது. அவர் தோற்றார். 2008 நவம்பரில் 600 படுக்கைகளோடுதான் திறந்தது. மாட்ரிகல் வழக்கில் எதிர்த்துப் போராடிய அதே மருத்துவமனைக்காக, உள்ளே உட்கார்ந்து படுக்கை படுக்கையாகப் பேரம் பேசியவர் அவர். கருத்தடை விவகாரத்துக்குக் கவுண்டி வாரியம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2018-இல், அவர் பதவியை விட்ட பிறகு.

நிர்வாகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு தெற்கே கிங்-ட்ரூ மருத்துவமனை. 1965 வாட்ஸ் கலவரத்துக்குப் பின் அந்தப் பகுதிக்காகவே 1972-இல் திறந்தது. சிகிச்சைத் தவறுகளை வாரியம் வருடக்கணக்கில் சரிசெய்ய முடியாமல், மத்திய அரசின் அங்கீகாரம் பறிபோய், 2007 ஆகஸ்டில் உள்நோயாளிப் பிரிவு மூடப்பட்டது. 2015-இல் வேறு அமைப்பின் கீழ் மறுபடி திறக்க எட்டு ஆண்டு ஆயிற்று. இப்படி ஒரு தோல்விக்கு ஒரு மசோதா மருந்தாகாது. ஆள் எடுப்பது, நீக்குவது, ஒழுங்கு விதி, தொழிற்சங்க ஒப்பந்தம் என்று சலிப்பூட்டும் வேலையில்தான் அது தீரும். சட்டமன்றத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பழக்கமில்லாத வேலையும் அதுதான்.

இன்னொரு சுவர், கவுண்டியின் காவலையும் சிறைகளையும் நடத்தும் ஷெரிஃப். சிறைகளுக்குப் பணம் கொடுப்பது வாரியம். வழக்குகள் வந்தால் இழப்பீடு கட்டுவதும் வாரியம்தான். நீண்ட காலம் வாரியத்தால் ஷெரிஃபைப் பதவியிலிருந்து அனுப்ப முடியவில்லை, ஏனென்றால் அவரும் தனியாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அறிக்கை கேட்கலாம், விசாரணைக் குழு போடலாம். 1992-இல் கோல்ட்ஸ் அறிக்கை, 2012-இல் சிறை வன்முறைக் குழு அறிக்கை என்று அப்படித்தான் நடந்தது. தக்க காரணம் இருந்தால் ஐந்தில் நான்கு ஓட்டில் ஷெரிஃபை நீக்கும் அதிகாரம் 2022 நவம்பர் வாக்கெடுப்பில்தான் வாரியத்துக்குக் கிடைத்தது.

2014-இல் தவணை வரம்பால் மொலினா விலக, அந்த நாற்காலிக்கு வந்தவர் சொலிஸ். அசெம்பிளி, செனட், காங்கிரஸ், ஒபாமாவின் தொழிலாளர் துறை அமைச்சர் என்று எல்லாம் பார்த்துவிட்டு வந்தவர். முதல் சுற்றிலேயே ஜெயித்தார். அவர் வந்த மறு ஆண்டு, 2015 ஜூலையில், நகரங்களில் சேராத பகுதிகளில் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராகப் படிப்படியாக உயர்த்தும் தீர்மானம் 3-க்கு 2 என்று நிறைவேறியது. ஆதரித்த மூவர்: சொலிஸ், ஷீலா க்யூல், மார்க் ரிட்லி-தாமஸ். மூவருமே முன்னாள் செனட்டர்கள். 1996-இல் ஆளுநரின் ரத்து அதிகாரத்தால் மசோதா வழி அடைபட்டபோது, மாநிலக் கூலி உயர்வை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனவர் சொலிஸ். கவுண்டியில் ரத்து செய்ய ஆளுநர் இல்லை.

எல்லா இடத்திலும் கை எட்டாது என்பதற்கு எக்சைட் பாட்டரி ஆலை. சுற்றுச்சூழல் நீதி என்றால் என்ன என்று மாநிலச் சட்டத்தில் 1999-இல் எழுதிவைத்தவர் சொலிஸ். 2015-இல் வெர்னனில் அந்த ஆலை மூடப்பட்டபோது, 1.7 மைல் சுற்றளவில் ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களில் ஈயம் கலந்த மண். ஆனால் ஆலையைக் கண்காணிக்கும், மண்ணை அகற்ற உத்தரவிடும் அதிகாரம் மாநிலத்தின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் துறையிடம். கவுண்டியால் முடிந்தது வீடு வீடாகப் போய்ச் சொல்வது, ரத்தப் பரிசோதனை, மாநிலத்தை விடாமல் நச்சரிப்பது. அவர் எழுதிய சட்டத்தை நடத்த வேண்டிய அலுவலகம் வேறு ஊரில் இருந்தது.

இந்தப் பாதையில் போக நினைக்கும் செனட்டருக்கு நாட்காட்டிதான் பாதி வெற்றி. கவுண்டியின் 1, 3 ஆகிய தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் ஆண்டில் தேர்தல். 2, 4, 5-க்கு அதிபர் தேர்தல் ஆண்டில். இரட்டைப்படை எண் உள்ள செனட் தொகுதிகளுக்கு ஆளுநர் தேர்தல் ஆண்டில், ஒற்றைப்படைக்கு அதிபர் தேர்தல் ஆண்டில். ஹாலி மிட்செல் 30-ஆவது தொகுதி செனட்டர். அடுத்த தேர்தல் 2022. கவுண்டியின் இரண்டாம் தொகுதித் தேர்தல் 2020. தோற்றாலும் செனட் இடம் பத்திரம். அவர் அப்படி நின்றுதான், முன்னாள் அசெம்பிளி சபாநாயகர் ஹெர்ப் வெஸ்ஸனை வென்றார்.

வாக்குச்சீட்டு விதியும் முக்கியம். இது கட்சி சாராத தேர்தல். பெயருக்குக் கீழே கட்சி இருக்காது, தொழில் மட்டும் இருக்கும். பதவியில் இருப்பவர் 'மாநில செனட்டர்' என்று போட்டுக்கொள்ளலாம். பதவி முடிந்தவர் 'முன்னாள் செனட்டர்' என்று போட முடியாது, 'முன்னாள்' என்பதையே தேர்தல் சட்டம் தடுக்கிறது. எனவே பதவியில் இருக்கும்போதே நிற்பது லாபம். 2008-இல் செனட்டை விட்டு 2014-இல் நின்ற க்யூலுக்கு இந்த வசதி இல்லை. நவம்பர் வரை இழுத்து ஜெயித்தார். முதல் சுற்றில் பாதிக்கு மேல் ஓட்டு கிடைத்தால் அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் முதல் இருவருக்கு நவம்பரில் இறுதிச் சுற்று, மறுபடி நிதி திரட்டல்.

இப்போது கணக்கே மாறப்போகிறது. 2024 நவம்பரில் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறிய 'ஜி' திட்டத்தின்படி, வாரியத்தின் ஐந்து இடங்கள் ஒன்பதாகும். அது 2030 மக்கள்தொகைக் கணக்குக்குப் பிறகு தொகுதிகளைப் பிரித்து 2032 தேர்தலில் நடப்புக்கு வரும். அதற்கு முன் 2028-இல் கவுண்டி முழுவதற்கும் ஒரே நிர்வாகத் தலைவர் மக்கள் ஓட்டில் தேர்ந்தெடுக்கப்படுவார். சூப்பர்வைசரின் தொகுதி 11 லட்சமாகச் சுருங்கி மாநில செனட் தொகுதியின் அளவுக்கு வந்துவிடும். நிர்வாக அதிகாரமும் புதியவரிடம் போகும். சாக்ரமென்டோவில் 12 ஆண்டு முடிக்கும் ஒருவர் இனி பார்க்கப்போவது அந்த ஒரே நிர்வாகப் பதவியைத்தான். ஆனால் ஒரு கோடி மக்களிடம் ஓட்டுக் கேட்க ஆகும் செலவு, மாநில அளவிலான தேர்தலுக்கு ஆகும் செலவை நெருங்கும்.